முந்நூற்று ஏழாவது படம்

பிரேமலதா சமையல் மேடையில் மடிக்கணினியைத் திறந்து வைத்து, முதல் ஹார்ட் டிஸ்க்கைச் செருகிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்கிறார். விரல் குத்துமதிப்பாகப் பட்டியலில் ஓரிடத்தைத் தொடுகிறது. ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரை அண்ணாந்து குடிக்கும் காக்கை ஒன்று திரையில் அசைகிறது. மூன்றே நொடி. அடுத்தது ஆட்டோ கூரையில் தூங்கும் பூனை. வால் மட்டும் ஆடுகிறது. இப்படிப் பத்துப் படங்கள். பிறகு இரண்டாவது டிஸ்க், அதிலும் பத்து. ஞாயிற்றுக்கிழமைதோறும் இது நடக்கிறது.

"தொறந்து பாக்காத பேக்கப்பு பேக்கப்பே கெடையாதுக்கா. சும்மா டப்பா," என்பார் என்னிடம்.

வயது நாற்பத்தொன்று. வீடு தாராவி தொண்ணூறு அடிச் சாலையை ஒட்டிய சந்தில் ஒரு மாடி அறை. செம்பூரில் உள்ள ஒரு பரிசோதனைக் கூடத்துக்காக வீடு வீடாகப் போய் ரத்தம் எடுப்பது தொழில். விடியும்போதே ஸ்கூட்டரில் ஐஸ் பெட்டியுடன் கிளம்பிவிடுவார். செம்பூர், மான்குர்த், அணுசக்தி நகர் என்று சுற்றிவிட்டுப் பத்து மணிக்குள் கூடத்தில் ஒப்படைக்க வேண்டும். என் அம்மாவுக்கு ரத்தம் எடுக்க வந்தபோதுதான் பழக்கம். ஊசி போடுமுன் பெயர் கேட்டார். குழாயில் சீட்டை ஒட்டியபின் மறுபடி கேட்டார். கிளம்பும்போது மூன்றாவது தடவை. அம்மா சலித்துக்கொண்டதற்கு, "கோவப்படாதிய. பேரு மாறிட்டுன்னா ஒங்க சக்கர வேற யாருக்கோ போயிரும்லா," என்றார். அம்மாவுக்கு அன்றே அவரைப் பிடித்துவிட்டது.

அந்தப் படங்கள் 'சிட்டுப்பெட்டி' என்ற ஒரு சின்ன நிறுவனம் சில வருடங்களுக்கு முன் வெளியிட்டவை. மும்பையில் வாழும் உயிர்கள், மொத்தம் ஐந்நூறு. ஒவ்வொன்றும் ஒருவருக்கு மட்டுமே விற்கப்பட்டது. வாங்கியவர்தான் திறந்து பார்க்கலாம். மற்றவர்களுக்கு மூட்டம் போட்ட ஒரு சதுரம்தான் தெரியும். பிரேமலதாவிடம் முப்பத்தெட்டு இருக்கின்றன. ஐரோலிக் கழிமுகத்தில் ஒற்றைக்காலில் நிற்கும் பூநாரை கிடைத்த அன்று தெருவில் அத்தனை பேருக்கும் ஜிலேபி கொடுத்தாராம்.

கணவர் கணேசபாண்டியன் தோல்பை தைக்கும் பட்டறையில் வேலை பார்க்கிறார். "பூனப் படம் நெட்டுல சும்மாவே கெடைக்கே," என்பார்.

"கெடைக்கும். இந்தப் பூன கெடைக்காது."

அதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும்.

ஒரு டிஸ்க் வீட்டில், ஈரம் உறிஞ்சும் பொடிப் பொட்டலங்களோடு ஜிப் பையில். இன்னொன்று பரிசோதனைக் கூடத்து லாக்கரில். வீட்டுக்கு அது ஞாயிறு மட்டும் வந்துபோகும். மூன்றாவது மான்குர்த்தில் தங்கை மாரிசெல்வியின் பீரோவில். மழைக்காலத்தில் தாராவியில் தண்ணீர் ஏறினால் மான்குர்த்தில் ஏறாமல் இருக்கலாம் என்பது கணக்கு. ஒருமுறை ஓடும் ரயிலிலிருந்து கைபேசி நழுவி விழுந்து, மகளின் முதல் ஐந்து வருடப் படங்கள் அதோடு போயின. அதைப் பற்றி அவர் விவரமாகப் பேசுவதில்லை. "ஒரு வாட்டி போதும்," என்பார். அவ்வளவுதான்.

இந்த வருடம் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவரிடமிருந்து எனக்கு ஒரு குரல் செய்தி வந்தது. மூச்சு வாங்கிக்கொண்டு பேசியிருந்தார். சிட்டுப்பெட்டி மூடப்போகிறது. ஞாயிறு மாலை ஆறு மணிக்கு சர்வரை நிறுத்துகிறார்கள். வாங்கியவர்களின் உரிமை எங்கும் போகாது என்று அறிவிப்பில் எழுதியிருந்தார்கள்.

"அப்புறம் என்ன?" என்று திரும்பக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"கோயில்ல செருப்பு விட்டா டோக்கன் தருவாவள்லா? டோக்கன் நம்ம கைல பத்திரமா இருக்கு. செருப்பு வச்ச ரூம இடிக்கப் போறாவ. இப்பப் புரியுதா?"

புரிந்தது. அவரவர் படத்தை அவரவர் சர்வரிலிருந்து உடனே இறக்கிக்கொள்ளவில்லை என்றால், ஞாயிறு ஆறு மணிக்குப் பின் வெறும் எண்தான் மிஞ்சும்.

அன்று இரவே ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினார். தெரிந்தவர்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று நூற்றுச் சொச்சம் பேர். தமிழில் ஒன்று, இந்தியில் ஒன்று என்று குரல் செய்திகள் பறந்தன. ஸ்கிரீன்ஷாட் எடுக்காதீர்கள், முழு அளவில் இறக்குங்கள், இறக்கியதைத் திறந்து பாருங்கள், ஒரு நகலை வீட்டுக்கு வெளியே வையுங்கள், இன்னொன்றை எனக்கு அனுப்புங்கள். சனிக்கிழமை ரத்தம் எடுத்துக்கொண்டே காதில் கருவியை மாட்டிப் புனே, நாக்பூர் என்று பேசிக்கொண்டிருந்தார். ஞாயிறு மதியம் இரண்டு மணிக்கு நான் அவர் வீட்டுக்குப் போனபோது, அவர் போட்டிருந்த பட்டியலில் நானூற்றுத் தொண்ணூற்றொன்பது எண்கள் பச்சையாகியிருந்தன.

மிச்சம் ஒன்று. முந்நூற்று ஏழு. சிட்டுப்பெட்டியின் தளத்தில் உரிமையாளர் பெயர் கிட்டு, இடம் அணுசக்தி நகர் என்று இருந்தது. வேறு விவரம் இல்லை. அந்தப் படத்தில் என்ன இருக்கிறது என்று குழுவில் ஒருவருக்கும் தெரியாது.

"ஒண்ணுதானே, போகட்டுமே," என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "நானூத்தித் தொண்ணூத்தொம்பது பேரு ரத்தத்த எடுத்துட்டு, ஒருத்தர் குழாய ரோட்டுல போட்டுட்டுப் போவியளாக்கா? ஏறுங்க."

ஏறினேன். ஞாயிறு ஹார்பர் லைனில் மெகா பிளாக், தண்டவாள வேலைக்காக ரயில்கள் இல்லை; ஸ்கூட்டர்தான் கதி. மடிக்கணினி என் மடியில். அணுசக்தி நகர் வாசலில் காவலர் சலாவுதீன் அவரைத் தெரிந்தவர்தான். வாரத்தில் நாலு நாள் பார்க்கிற முகம். கிட்டு சார் ஓய்வு பெற்றுக் குவார்ட்டர்ஸைக் காலி செய்து ஒரு வருடமாகிறது, இப்போது மாட்டுங்காவில் இருக்கிறார் என்று இந்தியில் சொன்னார். இரண்டு முறை போன் போட்டுப் பார்த்தார். யாரும் எடுக்கவில்லை. சாமான் ஏற்றிய டெம்போவில் கூடவே போய் இறக்கிக் கொடுத்தவர் என்பதால் கட்டடத்தின் அடையாளம் அவருக்குத் தெரிந்திருந்தது. பிரேமலதா எதையோ விளக்கிச் சொல்ல, அவர் சிரித்துவிட்டு, "ஜல்தி ஜாவ், தீதி," என்று அவசரப்படுத்தினார்.

சயான் பக்கம் வண்டிகள் நகரவே இல்லை. மணி நாலே முக்கால். அந்தப் படங்களில் ஒன்றுகூட எனக்குச் சொந்தமில்லை. ஆனாலும் நிமிடத்துக்கொரு முறை கைபேசியில் மணி பார்த்தேன். முன்னால் இருந்தவரோ சத்தமாகப் பேசிக்கொண்டே வந்தார். "என்னவா இருக்கும்னு நெனைக்கியக்கா? இதுவர மயிலு வரல. எனக்கென்னவோ மயிலாத்தான் இருக்கும்."

ஐந்தே காலுக்கு மாட்டுங்காவில் இரண்டாம் மாடி ஏறினோம். கதவைத் திறந்தவர் கிட்டுவின் மனைவி விஜயலக்ஷ்மி. பிரேமலதாவின் கழுத்தில் தொங்கிய கூடத்து அட்டையைப் பார்த்துவிட்டு, "ரத்தம் எடுக்க வந்திருக்கேளா? நாங்க யாரும் சொல்லலையே," என்றார்.

"ரத்தம் இல்ல மாமி, படம். சாரு வாங்கின படம்."

கிட்டு மத்தியானத் தூக்கம் கலைந்து வந்தார். எழுபதை நெருங்கியவர். விஷயத்தைக் கேட்டதும் தூக்கம் முழுக்கப் போய்விட்டது. "அது பழைய போன்லன்னா இருந்துது. பேட்டரி வீங்கிப் போய் அத எப்பவோ குடுத்தாச்சு. அறிவிப்பெல்லாம் அதுலதான் வந்திருக்கும்."

"பரவால்ல. பன்னெண்டு வார்த்த குடுத்திருப்பாவள்லா, அது இருந்தா இந்தப் போன்லயே தொறந்துரலாம்."

அந்தப் பன்னிரண்டு ஆங்கில வார்த்தைகள்தான் பெட்டியின் சாவி. வரிசை மாறாமல் தட்டினால்தான் திறக்கும். கிட்டுவின் முகம் வாடிவிட்டது. "டைரில எழுதி வெச்சேன். வீடு மாத்தறச்சே அந்த டைரி எங்க போச்சோ."

பிரேமலதா சுவர்க் கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார்.

"டைரி எதுக்கு? நேக்குத் தெரியுமே," என்றார் விஜயலக்ஷ்மி.

மூவரும் திரும்பினோம்.

"வாங்கின புதுசுல, ரெண்டு பேர்ல ஒருத்தருக்காவது ஞாபகம் இருக்கட்டும்னு என்னைப் படுத்தி எடுத்தார். வெறுமனே சொன்னா மனசுல நிக்கலை. மோகனத்துல மெட்டுப் போட்டு வெச்சுண்டேன்." தொண்டையைச் செருமிக்கொண்டு வாயைத் திறந்தார்.

"மாமி, நிப்பாட்டுங்க." பிரேமலதா கையை நீட்டி மறித்தார். "அது ஒங்க வீட்டுச் சாவி. நாங்க கேக்கக் கூடாது. நீங்க பாடுங்க, சாரு தட்டட்டும். நாங்க வெளிய நிக்கோம்."

என்னை இழுத்துக்கொண்டு வந்து மாடிப்படியில் நிறுத்திக் கதவைச் சாத்தினார். மணி ஐந்து முப்பத்திரண்டு. "இந்த நேரத்துலயா இதெல்லாம்?" என்றேன்.

"நேரமாச்சுன்னு அடுத்தவ சாவிய வாங்கிப் பாப்பமாக்கா?" சொல்லிவிட்டு இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். வேறு வழியில்லாமல் நானும் பொத்திக்கொண்டேன். முழுதாகப் பொத்தினேன் என்று சொல்ல மாட்டேன். வார்த்தை ஒன்றும் பிடிபடவில்லை. மோகனம் மட்டும் கதவுக்குப் பின்னால் ஏறி இறங்கியது. ஓரிடத்தில் நின்றது. திரும்ப முதலிலிருந்து தொடங்கியது. நடுவிலிருந்து எடுக்க அவருக்கு வரவில்லை போலும். "மெதுவாப் பாடு, நான் தட்ட வேண்டாமா," என்று கிட்டு அதட்டுவது கேட்டது. மறுபடி முதலிலிருந்து. மூன்றாவது முறை பாட்டு நின்ற இடத்தைத் தாண்டிப் போய் நிதானமாக முடிந்தது.

"தொறந்துடுத்து," என்ற குரல் வந்தபோது ஐந்து நாற்பத்திநான்கு.

பிரேமலதா உள்ளே பாய்ந்தார். "கீழ அம்புக்குறி இருக்கும் பாருங்க சார், அத அமுத்துங்க. பெரிய அளவு." பச்சைக் கோடு நகர்ந்தது. தொண்ணூறு சதவீதத்தில் நின்றது. நின்றுகொண்டே இருந்தது. பிரேமலதாவின் உதடுகள் அசைந்தன. சாமியைக் கூப்பிட்டாரா, சர்வரைத் திட்டினாரா தெரியவில்லை. ஐந்து ஐம்பத்தொன்றுக்குக் கோடு நிறைந்தது.

கேபிள் மாட்டி மடிக்கணினிக்கு ஒரு நகல் எடுத்தார். இரண்டு கோப்புகளின் அளவையும் எண் எண்ணாக ஒப்பிட்டார். பிறகு நகலைத் திறந்தார். நாங்கள் நால்வரும் குனிந்தோம்.

ரயில் மேடையின் ஓரத்தில் ஒரு பெருச்சாளி. இரண்டு கையாலும் வடைத் துண்டு ஒன்றைப் பிடித்திருந்தது. இடது பக்கம் பார்த்தது, வலது பக்கம் பார்த்தது, ஒரு கடி கடித்தது.

விஜயலக்ஷ்மி கணவரைப் பார்த்தார். "இந்தப் பெருச்சாளிக்காகவா என்னைப் பன்னெண்டு வார்த்தை மனப்பாடம் பண்ண வெச்சேள்?"

"மாட்டுங்கா ஸ்டேஷனாக்கும் அது. நன்னாப் பாரு, மூணாம் நம்பர் பிளாட்பாரம்," என்றார் கிட்டு, பெருமை குறையாமல்.

பிரேமலதாவின் கன்னமெல்லாம் சிரிப்பாக இருந்தது. துப்பட்டாவில் விரலைத் துடைத்துக்கொண்டு, திரைக்கு அருகே குனிந்து, பெருச்சாளியின் வாயோரத்தில் ஒட்டியிருந்த வடைத் துணுக்கை, குழந்தைக்குத் துடைப்பதுபோல், திரைமேலேயே மெல்லத் துடைத்துவிட்டார்.