கேரியர் இல்லாத சைக்கிள்

"பையன் எத்தனாவது படிக்கிறாங்க?"

அரியலூர் கடைத்தெருவில் சைக்கிள் கடைக்காரர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. நான் கை காட்டியது ஒரு சிவப்பு சைக்கிள். முன்சக்கரத்துக்கு மேலே இரண்டு ஸ்பிரிங், சீட்டுக்குக் கீழே என் மணிக்கட்டுத் தடிமனில் ஒரு ஸ்பிரிங், கியர், பட்டை பட்டையாக டயர். எனக்கு அப்போது முப்பத்தொன்பது வயது.

"பையன் திருச்சியில ஹாஸ்டல்ல இருக்கான். சைக்கிள் எனக்குங்க" என்றேன்.

அவர் என் புடவையைப் பார்த்தார், செருப்பைப் பார்த்தார். "லேடீஸ் மாடல் உள்ள இருக்கு, கூடையோட" என்றார்.

"கூடை வேணாம்."

"இது பசங்க காட்டுமேட்டுல வுட்டுக் குதிக்கிற வண்டிம்மா."

"எனக்கும் காட்டுமேட்டுலதான் வேலை" என்றேன். அது பாதிப் பொய். வேலை எனக்குக் காட்டுமேட்டுக்குப் பக்கத்தில். அந்த மேடுகளில் எனக்கு ஒரு வேலையும் கிடையாது. வேலை இல்லாமல் போவதற்காகத்தான் சைக்கிளே.

சுண்ணாம்புக் கல் ஏற்றி வரும் லாரிகளை நிறுக்கும் ஒரு தனியார் எடைமேடையில் சீட்டு எழுதிக்கொண்டிருந்தேன். அரியலூர் தனி மாவட்டமாகி, கொஞ்ச நாளிலேயே அந்தப் பட்டம் பறிபோய், மறுபடி பெரம்பலூரோடு ஒட்டிக்கொண்டிருந்த காலம். எடைமேடைக்குப் பின்னால் கைவிடப்பட்ட பழைய கல்சுரங்கம் ஒன்று உண்டு. தோண்டிக் கொட்டிய மண்மேடுகள், அதில் மண்டிய சீமைக்கருவை, ஆடுகள் போட்ட ஒற்றைத் தடம். அந்தத் தடம் மேட்டில் ஏறி, மூன்று பள்ளங்களில் விழுந்து எழுந்து, வறண்ட ஓடையைத் தாண்டி, கல்லங்குறிச்சி ரோட்டில் போய் முட்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் என் பழைய லேடீஸ் சைக்கிளில் அந்தத் தடத்தில் போய் வருவேன். பெருமாள் கோயிலுக்கா என்று கேட்பார்கள். இல்லை என்பேன். பின்னே எங்கே என்பார்கள். எங்கேயும் இல்லை என்பேன். பொம்பளை ஒருத்தி எங்கேயும் இல்லாத இடத்துக்குப் போய் வருவது ஊருக்கு ஏனோ பொறுக்கவில்லை. அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

அதை நிறுத்தியது ஊர் இல்லை, ஒரு மினி பஸ். கடைசி சீட்டில் உட்கார்ந்திருந்தேன். வேகத்தடையில் டிரைவர் பிரேக்கைத் தொடவே இல்லை. மேலே போனவள் கீழே வந்தபோது முதுகுத்தண்டின் அடி எலும்பில் விரிசல். ஆறு மாதம் ஸ்கூட்டர் டியூப்பில் காற்றடித்து நாற்காலியில் போட்டு அதன்மேல் உட்கார்ந்து சீட்டு எழுதினேன். லாரி டிரைவர்கள் என் சிம்மாசனத்தைக் கிண்டல் செய்தார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். திருச்சி டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, "நடங்க, நீந்துங்க. சைக்கிள மட்டும் மறந்துடுங்க" என்றதைத்தான் பொறுக்க முடியவில்லை. பஸ் ஸ்டாண்டில் நின்று அழுதேன். நீந்துவதற்கு எங்கள் ஊரில் தண்ணீர் எங்கே இருக்கிறது என்று கோபமும் வந்தது.

எடைமேடையில் பத்து வருஷம் உட்கார்ந்தவளுக்கு ஒன்று தெரியும். வெறும் லாரி குதிக்கும், பாரம் ஏறிய லாரி குதிக்காது. அடியில் இருக்கிற ஸ்பிரிங் பட்டைகள் அமுங்கி பள்ளத்தை அதுவே வாங்கிக்கொள்ளும், மேலே இருக்கிற கல்லுக்குப் பள்ளம் வந்ததே தெரியாது. கல்லுக்கே இந்த மரியாதை உண்டென்றால் என் எலும்புக்கு ஏன் கூடாது என்று நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் கடைத்தெருவில் அந்தச் சிவப்பு சைக்கிளைப் பார்த்தேன்.

என் வீட்டுக்காரர் மோட்டாருக்கு காயில் கட்டும் கடை வைத்திருந்தார். நல்ல மனுஷர், குரல் உயர்த்தமாட்டார். "மொபெட் வாங்கிக்க. ஸ்பிரிங் அதுலயும் இருக்குல்ல" என்றார். மொபெட்டில் எனக்கு எங்கேயும் போகவேண்டியதில்லை என்றேன். அவருக்குப் புரியவில்லை. ஆனாலும் நான் ஒற்றைக் காலில் நிற்பதைப் பார்த்துவிட்டு, பெரம்பலூரில் அவருக்குத் தெரிந்த ஒரு பாய் கடையில் வெளிநாட்டு சைக்கிள் ஒன்று இருப்பதாகச் சொன்னதும் அவர்தான்.

பாய்க்கு லப்பைக்குடிக்காடு சொந்த ஊர். பதினாலு வருஷம் துபாயில் இருந்துவிட்டு வந்து பெரம்பலூரில் பாத்திரக்கடை போட்டிருந்தார். குக்கர்களுக்கு மேலே சுவரில் அந்த சைக்கிள் தொங்கியது. சாம்பல் நிறம், அலுமினியம். ஒற்றைக் கையால் இறக்கி என் முன் வைத்தார். சீட்டுக்குக் கீழே சுருள் ஸ்பிரிங் இல்லை, வழவழவென்று ஒரு குழாய்.

"உள்ள வெறும் காத்துதான் தங்கச்சி. அங்க ஒரு வெள்ளக்காரரு ஊருக்குப் போறப்ப குடுத்துட்டுப் போனாரு. மாஷா அல்லாஹ், ஏறி உக்காந்தா மெத்தை. நாலு நாளு வச்சு ஓட்டிப் பாருங்க. புடிச்சா எடுத்துக்கங்க."

எனக்கா, யாருக்கு என்று அவர் கேட்கவே இல்லை. அதற்காகவே அதை எடுத்துவிடலாம் என்று தோன்றியது. பஸ் கூரையில் போட்டுக் கொண்டுவந்தேன்.

அரியலூர் கடைக்காரர் சிவப்பு சைக்கிளை ஓட்டிப் பார்க்கக் கொடுத்தபோது, "ரயில்வே கேட்டு வரைக்கும் போயிட்டு வந்துடுங்க" என்றார். நான் சுடிதார் போட்டுக்கொண்டு போய் அதை நேரே எடைமேடைக்கு ஓட்டிப் போனேன். சாம்பல் சைக்கிளை முன்னமே அங்கே கொண்டுவந்து வைத்திருந்தேன். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் எப்படி முடிவெடுப்பது?

முதலில் எடை போட்டேன். அறுபது டன் லாரியை நிறுக்கிற மேடை அது. பத்துப் பத்துக் கிலோவாகத்தான் காட்டும். சாம்பல் சைக்கிளை ஏற்றினேன், சிவப்பு எண்ணில் 10 விழுந்தது. சிவப்பு சைக்கிளுக்கு 20. பின்னால் வரிசையில் நின்ற டிரைவர் ஒருவர் தலையை நீட்டி, "லோடு எங்கக்கா போவுது, சிமெண்ட் ஆலைக்கா?" என்றார். போய்க்கொண்டே இருங்கள் அண்ணே என்று சீட்டைக் கையில் கொடுத்தேன்.

அப்புறம் தடம். சாம்பல் சைக்கிள் மேட்டில் ஆடு மாதிரி ஏறியது. பள்ளத்தில் விழுந்தபோது எலும்பு ஒன்றும் சொல்லவில்லை. இறங்கி ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து சிரித்தேன். அந்தப் பக்கத்துக் கற்களில் எப்போதோ அங்கே இருந்த கடலின் நத்தை ஓடுகள் ஒட்டியிருக்கும். அதைத் தடவிக்கொண்டே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

சிவப்பு சைக்கிள் மேட்டில் மூச்சு வாங்க வைத்தது. மிதித்தால் பின்பக்கம் தவளை மாதிரி எம்பியது. அதைவிட மோசம், பள்ளத்தில் ஸ்பிரிங் அசையவே இல்லை, எலும்பு சுருக்கென்றது. குனிந்து பார்த்தேன். ஸ்பிரிங்கைப் பிடித்திருந்த மரைவளையத்தை முடிந்தமட்டும் முறுக்கி வைத்திருந்தார்கள். கடைக்காரரைப் பின்னால் கேட்டபோது, "கையால அமுக்கிப் பாப்பாங்கம்மா. ஆடுற வண்டிய யாரு வாங்குவா?" என்றார். டிரைவர் ஒருவரிடம் ஸ்பானர் வாங்கி வளையத்தை என் எடைக்குத் தகுந்தபடி தளர்த்தினேன். மறுபடி பள்ளத்தில் விட்டேன். அமுங்கி எழுந்தது. எலும்பு வாய் திறக்கவில்லை.

அதுவரை மனம் சாம்பலின் பக்கம்தான் இருந்தது. மூன்றாம் நாள் காலையில் அதன் பின்பக்கம் உட்கார்ந்துவிட்டது. குழாயில் காற்று குறைந்திருந்தது. பக்கத்து லாரி டயர் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். கம்ப்ரசரில் காற்று ஏறியது, கம்ப்ரசர் மூக்கை எடுத்த கையோடு பாதி வெளியே போனது. நான்கு தடவை பார்த்தோம். பாய்க்குப் போன் போட்டேன்.

"அதுக்குன்னு சின்ன பம்ப்பு ஒண்ணு உண்டு தங்கச்சி. அதை அங்கேயே வுட்டுட்டு வந்துட்டேன். தம்பி மவன் நோம்புப் பெருநாளுக்கு வரும்போது கொண்டாரச் சொல்றேன், இன்ஷா அல்லாஹ்."

அவர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் நான் ஓட்டுவதா வேண்டாமா என்பதைத் துபாயிலிருந்து வரும் ஒரு பம்ப் முடிவு செய்வதா? டாக்டர் முடிவு செய்தது போதாதா? சாம்பலைத் துடைத்து பஸ் கூரையில் ஏற்றித் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கை விட மனசு வலித்தது. மறுநாள் சிவப்பை எடுத்தேன். கனம்தான், தவளைதான். ஆனால் ஒரு ஸ்பானர் இருந்தால் போதும், அதற்கு யாரும் தேவையில்லை.

என் வீட்டுக்காரருக்கு ஒரே சந்தோஷம். "சரியான முடிவு. இரும்பு வண்டி. ஒடஞ்சா எந்தப் பட்டறையிலயும் வெல்டு வச்சுக்கலாம்" என்றார். அவர் சொன்னதைக் கேட்டுத்தான் எடுத்தேன் என்று நினைத்துக்கொண்டார். நானும் திருத்தவில்லை.

ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் ஓட்டினேன். எங்கேம்மா போற என்றவர்களிடம் எங்கேயும் இல்லை என்று முன்னைவிடச் சத்தமாகச் சொன்னேன். ஊர் எனக்குத் தண்ணீர் தெளித்து விட்டுவிட்டது. எனக்கு அது வசதியாகவே இருந்தது.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் என் வீட்டுக்காரர் சைக்கிளைக் கழுவப் போவதாகச் சொல்லிக் கடைக்குக் கொண்டுபோனார். மறுநாள் சந்தனம், குங்குமம், ஹேண்டில்பாரில் பூச்சரம் எல்லாம் வைத்து வாசலில் நிறுத்தியிருந்தார். பின்னால் புதிதாக ஒரு கேரியர். கனமான கம்பியில் சதுரம் சதுரமாக, கறுப்புப் பெயிண்ட் அடித்து. பட்டறை நண்பரிடம் சொல்லி வெல்டு வைத்திருந்தார்.

"மொட்டையா இருந்துச்சு. ஒரு பையி, ஒரு குடம் வைக்க எடம் வேணாமா?" என்றார். முகம் முழுக்கச் சிரிப்பு. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது எனக்கு. எனக்காக யாரும் வெல்டு வைத்துக் கொடுத்ததில்லை.

அந்த ஞாயிறு, முதல் பள்ளத்திலேயே அடி எலும்பில் ஊசி ஏறியது. மூன்றாவதில் சைக்கிளைப் போட்டுவிட்டு மண்ணில் குப்புறப் படுத்தேன். தள்ளிக்கொண்டுதான் வீடு வந்தேன். மறுபடி ஸ்கூட்டர் டியூப். டாக்டர் சொன்னதுதான் சரி, இனி அவ்வளவுதான் என்று நினைத்தேன். மூன்று நாள் யாரோடும் பேசவில்லை. ஊர் நினைத்ததே சரியென்று ஆகிவிட்டதே என்பதுதான் எலும்பைவிட வலித்தது.

நான்காம் நாள் பாரம் ஏற்றிய லாரி ஒன்று மேடையில் ஏறியது. பட்டைகள் அமுங்குவதை வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் வீட்டுக்குப் போய் சைக்கிள் சீட்டை இரண்டு கையாலும் அமுக்கினேன். அசையவில்லை. வளையத்தைப் பார்த்தேன், நான் வைத்த இடத்தில்தான் இருந்தது. அப்புறம்தான் கேரியர் கண்ணில் பட்டது. அதன் ஒரு முனையைச் சீட்டுத் தண்டில் வைத்து ஒட்டியிருந்தார்கள், இன்னொரு முனையைப் பின்சக்கர அச்சுக்குப் பக்கத்தில். ஸ்பிரிங் அமுங்க வேண்டுமானால் இந்த இரண்டுக்கும் நடுவே தூரம் குறைய வேண்டும். குறைய விடாமல் இரண்டு இரும்புக் கால்கள் முட்டுக்கொடுத்து நின்றன.

என் எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை என்று அந்த நிமிஷம் புரிந்தது. அடுத்த நிமிஷம் கோபம் வந்தது. அதற்குப் பின்னால் அவருடைய சிரிப்பு ஞாபகம் வந்து, கோபத்தை என்ன செய்வதென்று தெரியவில்லை.

சொல்லிவிட்டு அறுக்கலாமா என்று யோசித்தேன். சொன்னால் இன்னொரு யோசனை வரும், இன்னொரு வெல்டு வரும். எலும்பு அடங்க ஒரு வாரம் பொறுத்தேன். பிறகு அவர் கடையிலிருந்தே இரும்பறுக்கும் ரம்பத்தை எடுத்துக்கொண்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வேலைக்குப் போனேன். மதியம் லாரி வராத நேரத்தில் அறுக்க ஆரம்பித்தேன். இரண்டு பிளேடு உடைந்தது. கடைசிக் கம்பி பாக்கி இருக்கும்போது அவர் வந்து நின்றார். ரம்பத்தைத் தேடி வந்திருக்கிறார்.

"ஏன்?" என்று மட்டும் கேட்டார்.

கடைசிக் கம்பியையும் அறுத்தேன். கேரியரைக் கையில் எடுத்துக் கொண்டுபோய் எடைமேடையின் நடுவில் வைத்தேன். உள்ளே வந்து எண்ணைப் பார்க்கச் சொன்னேன். 0.

"பாத்தீங்களா, ஒண்ணுமில்ல" என்றேன்.

"அதான் ஒண்ணுமில்லல்ல. இருந்துட்டுப் போவட்டுமே. உன்ன என்னா பண்ணுச்சு?"

அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் சீட்டின்மேல் வைத்து அமுக்கினேன். ஸ்பிரிங் அரை விரல் இறங்கி எழுந்தது. மறுபடி அவரே அமுக்கினார். அறுபட்ட முனைகளைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார். நான் மூன்று நாள் பேசாமல் கிடந்தது எதனால் என்று அவர் முகத்தில் மெதுவாகத் தெரிந்தது.

"நாந்தானா?" என்றார்.

"நீங்கதான்" என்றேன். சமாதானமாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இன்றுவரை அதற்கு வருத்தமும் இல்லை.

அவர் சீட்டெழுதும் மேசைக்கு முன்னால் உட்கார்ந்தார். "லாரி வந்தா நான் பாத்துக்கறேன், போயிட்டு வா" என்றார். எங்கே என்று கேட்கவில்லை. பாய்க்கு அப்புறம், அந்த வருஷத்தில் என்னைக் கேள்வி கேட்காத இரண்டாவது ஆள் அவர்.

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மேட்டில் ஏறினேன். முதல் பள்ளம், இரண்டாவது பள்ளம். மூன்றாவதில் பிரேக்கைத் தொடவே இல்லை.