குலசேகரன் பூக்கட்டிப் பார்த்த கதை

எங்கள் ஊரில் சொந்தமாக ஒரு முடிவும் எடுக்காமலே அறுபது வயதை எட்டிய மனிதர் என் பக்கத்து வீட்டுக் குலசேகரன். எல்லாவற்றையும் முத்தாரம்மனிடம் விட்டுவிடுவார். பூசாரி ஒரு இலைப்பொட்டலத்தில் பிச்சிப்பூவும் இன்னொன்றில் சிவப்பு அரளியும் கட்டிச் சன்னிதியில் போடுவார். குலசேகரன் ஒன்றை எடுப்பார். பிச்சி வந்தால் சம்மதம், அரளி வந்தால் வேண்டாம்.

அம்மனும் அவர் மனம் கோணாமல்தான் நடந்துகொண்டாள். மைத்துனன் குடும்பத்தோடு ஒரு மாதம் வந்து தங்கவா என்று கேட்டபோது அரளி. இவர் கூட்டாளிகளோடு மூணாறு போகலாமா என்றபோது பிச்சி. எடுக்குமுன் தரையோடு தரையாகக் குனிந்து, இரண்டு பொட்டலத்தையும் முகத்தில் ஒற்றிக்கொள்வார். என்ன பக்தி என்று ஊரே மெச்சியது. பிச்சியை எத்தனை இலைக்குள் வைத்துக் கட்டினாலும் வாசம் வெளியே வந்துவிடும் என்பது இங்கே பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். அவருக்கு மட்டும் தெரியாது. தெரியாமல் இருப்பதற்கு அவர் நிறையப் பாடுபட்டிருந்தார்.

போன வருடம் ஒரு காய்ச்சல் வந்து அவர் மூக்கின் மோப்பத்தை அடியோடு கொண்டுபோய்விட்டது. அந்த நேரம் பார்த்துத்தான் மகள் சிவப்ரியா, மார்த்தாண்டத்தில் தன்னோடு வேலை பார்க்கும் சஜினைக் கட்டிக்கொள்ள ஆசைப்படுவதாகச் சொன்னாள். சஜின் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவன். குலசேகரனுக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. வாயைத் திறந்து வேண்டாம் என்றாரா? “அம்மன்ட்ட கேப்போம் மக்கா” என்றார்.

“அம்மன் வேண்டாம்னா விட்டுடுகேன்ப்பா” என்றாள். அவளுக்கு நிஜமாகவே நம்பிக்கை உண்டு, பாவம்.

மறுநாள் காலை கோவிலில் குனிந்தார், ஒற்றினார். ஒரு வாசமும் இல்லை. வாழ்க்கையிலேயே முதல் தடவையாக அம்மனிடம் உண்மையாகக் கேட்கிறார். ஒன்றை எடுத்தார். பிச்சி வந்தது. கட்டினது சரியில்லை என்று மறுபடி கட்டச் சொன்னார். மறுபடியும் பிச்சி.

“இன்னொரு மட்டம் கட்டும்.”

“அம்மைக்குச் செவி நல்லா கேக்கும் அண்ணாச்சி,” என்றார் பூசாரி. “எத்தன மட்டம் கேப்பிய?”

அரளி என்று சொல்லிவிடலாமா என்று வழியெல்லாம் யோசித்தார். மோந்து பார்த்து எடுப்பது அவருடைய சட்டப்படி பொய்யில்லை. வாயால் சொன்னால்தான் பொய். அம்மன் பேரில் பொய் சொல்ல அவருக்குப் பயம். முற்றத்தில் மகள் காத்து நின்றாள்.

“பிச்சிதான் வந்துது” என்றார். அவள் சிரிப்பதற்குள், “ஆனா எனக்கு இஷ்டமில்ல மக்கா. எனக்குத்தான்.”

சொன்னபிறகு அவரே அரண்டுபோனார். அறுபது வருடத்தில் அவர் சொந்தமாகச் சொன்ன முதல் வார்த்தை, அதுவும் அம்மனுக்கு எதிராக. கல்யாணத்தைத் தடுப்பது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் மதிலுக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்கு அவர் மேல் அன்றுதான் மரியாதை வந்தது.

சிவப்ரியா ஒரு நாற்காலியை இழுத்து அவருக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள்.

“அம்மன் வேண்டாம்னிருந்தா அழுதுட்டுப் பேசாம இருந்திருப்பேன். இப்பம் நீங்கதானே சொல்லுகிய? அப்பம் சண்டை போடலாம். உக்காருங்க.”