எல்லோரும் வேண்டும் என்றார்கள்: நெமிலிச்சேரி வேனில் ஒரு காலை

ஆவடி, பூந்தமல்லி பக்கம் சுற்றிப் பார்க்கக் கிளம்புகிறவர்களுக்கு இந்தக் கட்டுரை பெரிதாக உதவாது. புதிதாக எதையோ செய்து விற்கப்போகிறேன் என்று துடித்துக்கொண்டிருக்கிறவர்கள் படிக்கலாம். கிளம்புவதற்கு முன்னால் படித்தால் இன்னும் நல்லது.

பள்ளி வேன் ஓட்டுகிறவர்களுக்காக ஒரு செயலி நடத்துகிறேன். இன்று எந்தப் பிள்ளை ஏறியது, எது லீவு என்று குறித்துக்கொள்கிற சின்னச் செயலி. இரண்டு வருடமாக ஒண்டி ஆளாக இழுத்துக்கொண்டிருக்கிறேன். வேன் இப்போது எங்கே வருகிறது என்று பெற்றோர் தங்கள் போனில், வரைபடத்தில் பார்க்கிற மாதிரி ஒரு வசதியைச் சேர்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அதைச் செய்ய எனக்குத் தெரியாது. கல்லூரித் தோழன் முரளிக்குத் தெரியும். அவன் பத்து வருடமாக ஒரு நல்ல கம்பெனியில் இருக்கிறான். "நிஜமாவே ஜனங்களுக்கு வேணும்னு நீ சொல்லு, வெள்ளிக்கிழமை சாயங்காலம் ராஜினாமா மெயில் போட்டுட்டு வந்துடுறேன்" என்று சொல்லியிருந்தான்.

ஜனங்களைக் கேட்டேன். எனக்குப் பழக்கமான தேவா அண்ணன் வேனில் பதினெட்டு வீட்டுப் பிள்ளைகள் வருகிறார்கள். பதினெட்டு வீட்டுக்கும் வாட்ஸப்பில் ஒரு கேள்வி அனுப்பினேன். பதினெட்டும் 'வேண்டும்'. தேவா அண்ணனும் கட்டை விரலைத் தூக்கிக் காட்டிவிட்டார். இதற்கு மேல் என்ன வேண்டும்? ஆனால் வியாழக்கிழமை எனக்குச் சோறு இறங்கவில்லை. என் வாய்வார்த்தையை நம்பி ஒருவன் வேலையை விடப்போகிறான். அதனால் ஒரு முடிவுக்கு வந்தேன். வரைபட வசதியைச் செய்வதற்கு முன்னால், ஒரு காலை நேரம் நானே வரைபடமாக இருந்து பார்ப்பது. வேனில் ஏறி உட்கார்ந்து, வண்டி எங்கே வருகிறது என்று ஒவ்வொரு வீட்டுக்கும் கையால் செய்தி அனுப்புவது. 'நாளை ஒரு நாள் சோதனை, சம்மதமா?' என்று முதல் நாள் இரவே கேட்டேன். எல்லோரும் சம்மதம்.

வெள்ளிக்கிழமை காலை 5.50க்குக் கொரட்டூரில் மின்சார ரயில். நெமிலிச்சேரிக்கு ஐந்து ரூபாய் டிக்கெட், அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. அந்த நேரத்தில் திருவள்ளூர் பக்கம் போகிற வண்டியில் தாராளமாக இடம் இருக்கும். நான்தான் உட்காரவில்லை. அம்பத்தூரில் ஒரு தடவை, ஆவடியில் ஒரு தடவை போனை எடுத்து, முரளிக்கு என்ன சொல்லலாம் என்று எழுதி எழுதி அழித்தேன். நல்ல சேதியாகவே எழுத வந்தது. இன்னும் வேனைக்கூடப் பார்க்கவில்லை என்பதைக் கவனிக்கவும்.

நெமிலிச்சேரி ஸ்டேஷன் பக்கத்தில் தேவா அண்ணனும் அவர் மனைவி குமாரி அக்காவும் மஞ்சள் வேனோடு காத்திருந்தார்கள். பிள்ளைகளை ஏற்றி இறக்குவது அக்கா.

"இன்னாம்மா, காலங்காத்தால குளிச்சிட்டு ரெடியா வந்துகீற! போட்டோ கீட்டோ எடுக்கப்போறியா?" என்றார் அக்கா.

முன் சீட்டில் தேவா அண்ணனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். 6.45க்கு வண்டி நகர்ந்தது. இங்கிருந்து பட்டாபிராம், இந்து கல்லூரி, ஆவடி குடியிருப்பு, பருத்திப்பட்டு என்று போய், பூந்தமல்லி சாலையில் உள்ள பள்ளியில் முடியும். சுமார் பன்னிரண்டு கிலோமீட்டர் தூரத்துக்கு ஒண்ணேகால் மணி நேரம். முதல் செய்தியை அனுப்பினேன்: 'வண்டி பட்டாபிராம் வருகிறது, நான்கு நிமிடம்.'

பட்டாபிராமில் ஓர் அம்மா, பையனோடு தெருமுனையில் தயாராக நின்றுகொண்டிருந்தார். எனக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. பார், வேலை செய்கிறது! அடுத்த நிறுத்தத்திலும் அப்படியே. பிள்ளை, பை, தண்ணீர் பாட்டில் எல்லாம் தயார். சந்தோஷத்தில் முரளிக்கு ஒரு சிரிக்கும் பொம்மையை அனுப்பித் தொலைத்தேன்.

இந்து கல்லூரி தாண்டியதும் நெட் படுத்துவிட்டது. மூன்று வீட்டுக்குச் செய்தி போகவில்லை. போச்சு, இந்தத் தெருவில் காத்திருக்கத்தான் வேண்டும் என்று பதறினேன். வேன் திரும்பியது. அங்கேயும் மூன்று பிள்ளைகளும் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். குமாரி அக்கா ஒரு கையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் பழைய பட்டன் போனை அழுத்திக்கொண்டிருந்தார். அழுத்துவார், காதில்கூட வைக்க மாட்டார், உடனே நிறுத்திவிடுவார்.

"என்னக்கா பண்றீங்க?"

"ரிங் உடுறேன். அடுத்த ஸ்டாப்புக்காரங்களுக்கு ஒரு ரிங்கு. எடுக்க மாட்டாங்க. பையைத் தூக்கிகினு கீய வந்து நிப்பாங்க."

"எத்தனை நாளா?"

"வண்டி வாங்குனதுலேர்ந்து."

"என்கிட்ட ஏன்க்கா சொல்லவே இல்ல?"

"நீ எங்கம்மா அதைக் கேட்ட? மேப்பு வேணுமா வேணாவான்னு கேட்ட. வேணும்னோம்."

தேவா அண்ணன் சாலையையே பார்த்துக்கொண்டு ஓட்டினார். அவருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். எனக்கு முகம் சூடாகிவிட்டது. இரண்டு மாதமாக நான் மண்டையை உடைத்துக்கொண்டிருந்த விஷயத்தை ஒரு மிஸ்டு கால் செய்துகொண்டிருக்கிறது. நான் மட்டும் அதைப் பார்த்ததே இல்லை.

ஆவடியில் தொழிற்சாலைக் குடியிருப்புக்கு உள்ளே வண்டி இரண்டு நிமிடம் நிற்கும். இறங்கி, அங்கே ஏறிய சிறுமி தர்ஷினியின் அம்மாவிடம் போனேன். சிவகங்கைப் பக்கத்துக்காரர். கணவருக்கு இங்கே தொழிற்சாலையில் வேலை.

"நான் அனுப்புன மெசேஜ் வந்துச்சாங்க?"

"வந்துச்சுங்க. நல்லா இருந்துச்சு."

"என்ன போட்டிருந்தேன்?"

அவர் சிரித்துவிட்டார். "பாக்கலைங்க. அடுப்புல வேலையா இருந்தேன்."

"அப்ப வாட்ஸப்புல கேட்டப்ப வேணும்னு அனுப்புனீங்களே?"

"நீங்க மெனக்கெட்டுக் கேக்குறீங்க, நமக்கென்ன நட்டம்? வேணாம்னு சொன்னா உங்க மனசு கஷ்டப்படும்ல?"

இந்த இடத்தில் புத்தியுள்ளவள் ரயிலேறி வீட்டுக்குப் போயிருப்பாள். நான் போகவில்லை. பதினெட்டு வீடு போனால் போகட்டும், ஓட்டுநர்களுக்கு வேண்டியிருக்கலாமே என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். பள்ளி வாசலில் 8 மணிக்கு இறங்கி, பூந்தமல்லிக்குப் பேருந்து பிடித்தேன். சாதாரணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. நெரிசலில் இருபது நிமிடம்.

பூந்தமல்லி பேருந்து நிலையத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு டீக்கடை. பிள்ளைகளை இறக்கிவிட்ட வேன்காரர்கள் ஒன்பது மணிக்கு அங்கே கூடுவார்கள். டீ பதினைந்து ரூபாய். விஷயத்தைச் சொன்னேன். "சூப்பர் மேடம்", "செம ஐடியா" என்று நாலு பக்கமிருந்தும் வந்தது. இதே வார்த்தையைப் போன வாரம் கேட்டிருந்தால் குதித்திருப்பேன்.

"சரிண்ணா, இன்னைக்கு மத்தியானம் உங்க வண்டியில ஒரு தடவை போட்டுப் பார்த்துடலாமா?" என்று கேட்டேன்.

"இன்னிக்கா? இன்னிக்கு வேணாம் மேடம். பாத்துக்கலாம்" என்றார் ஒருவர். இன்னொருவருக்குப் போனில் சார்ஜ் இல்லை. தலை நரைத்த ஒருவர் மட்டும் டம்ளரை வைத்துவிட்டு நேரடியாகச் சொன்னார்: "தப்பா நெனைக்காதம்மா. நடுவுல ஒரு மணி நேரம் அம்பத்தூர் எஸ்டேட்டு கம்பெனிக்கு ஆள் ஏத்திகினு போறேன். அத்தினி அம்மாங்களும் மேப்புல பாத்தா என் பொழப்பு இன்னா ஆவும்?" அவர் கையைப் பிடித்து நன்றி சொல்ல வேண்டும் போல் இருந்தது. சொல்லாமல் வந்துவிட்டேன்.

ஆவடி பேருந்தில் ஏறி, வழியில் பருத்திப்பட்டு ஏரிக்கரையில் இறங்கினேன். கரையோரம் நடைபாதையும் பெஞ்சுகளும் இருக்கின்றன. மணி பதினொன்று. மாலைக்குள் முரளி மெயிலை அனுப்பிவிடுவான். ஏரியைப் பார்க்கவில்லை, போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கூப்பிட்டேன்.

"முரளி, இன்னைக்கு மெயில் போடாத. யாருக்கும் வேணாம்டா அது."

நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு, "ஓ... சரி சுதா" என்றான். அந்த 'சரி' ரொம்பச் சீக்கிரம் வந்தது. காலையிலிருந்து கேட்ட பதில்களால் என் காது கொஞ்சம் கூர்மையாகியிருந்தது.

"வீட்ல சொல்லிட்டியா, வேலையை விடப்போறேன்னு?"

"இல்ல. சொல்லணும்..."

"உன் மேனேஜர்கிட்ட?"

"இல்ல."

"சாயங்காலம் ராஜினாமா. இன்னும் யார்கிட்டயும் மூச்சு விடலையா?"

முரளி மெதுவாகச் சொன்னான்: "நீ கூப்பிடும்போதெல்லாம் அவ்வளவு சந்தோஷமா பேசுவ. எனக்கு வாய் வரல."

"அப்ப சாயங்காலம் என்னடா பண்ணியிருப்ப?"

"அதுக்குள்ள நீயே வேணாம்னு சொல்லிடுவன்னு நெனச்சேன்."

கோபம் வந்தது. கண்ணில் தண்ணீரும் வந்தது. அதற்குள் அவன், மாதக்கணக்கில் நான் கேட்காத ஒரு லேசான குரலில், "சாப்டியா?" என்றான். வைத்துவிட்டேன்.

இதே வேலையாகக் கிளம்புகிறவர்களுக்குச் சில விஷயங்கள். வேனில் போவதென்றால் பள்ளியிடமும் ஓட்டுநரிடமும் முன்னாலேயே அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். இந்து கல்லூரிப் பக்கம் நெட்டை நம்ப வேண்டாம். பூந்தமல்லி டீக்கடையில் ஒன்பதரைக்கு மேல் யாரும் இருக்க மாட்டார்கள். திரும்புவதற்கு ஆவடியில் ரயில் ஏறுவது சுலபம். வேண்டுமா என்று யாரையும் கேட்காதீர்கள். இந்த ஊரில் யாரும் முகத்துக்கு நேரே உங்களை நோகடிக்க மாட்டார்கள். இப்போது என்ன செய்கிறார்கள் என்று கூட இருந்து பாருங்கள். செலவு எனக்கு மொத்தமே ஐம்பது ரூபாய்க்குள்தான்.

ஆவடியிலிருந்து திரும்பும் ரயிலிலும் என்னால் உட்கார முடியவில்லை. பெற்றோர், ஓட்டுநர்கள், முரளி என்று ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன். அந்த வசதி வேண்டுமென்று நிஜமாகத் தவித்தது நான் ஒருத்திதான். அதுகூட வரைபடத்துக்காக இல்லை. அதைச் சாக்காக வைத்தாவது, பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்ய ஓர் ஆள் வந்துவிடுவான் என்றுதான்.