மூன்று வரிக் கவிஞருக்கு ஒரு தலைமையுரை

ஈஸ்ட் ஹாமில் எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு ஜப்பானிய அம்மா மகளோடு தங்கியிருந்தார். ஹைக்கூக் கவிஞர். ஊரில் தபால் கந்தோரில் வேலை பார்த்துக்கொண்டே எழுதி, சின்னச் சின்னதாய்ச் சில புத்தகங்களும் போட்டவர். லண்டனுக்கு வந்த நாள் முதல் ஒருவரும் தன்னைக் கவிதை வாசிக்கக் கூப்பிடவில்லை என்று வேலிக்கு மேலால் சொல்லிச் சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. அடுத்த கிழமை ஒரேயடியாக ஜப்பானுக்குத் திரும்புகிறாராம்.

விடுவேனா? என் கணவர்தானே எங்கள் இலக்கிய வட்டத்தின் தலைவர். "அதுக்கென்ன, சனிக்கிழமைக் கூட்டத்திலை வாசிக்கட்டும்" என்றார்.

கூட்டம் நடக்கும் தேவாலய மண்டபத்தை எட்டு மணிக்குப் பூட்டிவிடுவார்கள். மங்கல விளக்கு, வரவேற்புரை, வாழ்த்துரைகள் எல்லாம் முடிந்து பொன்னாடையும் போர்த்தினார்கள். அந்த மெலிந்த மனுசிக்கு முகம் மட்டும்தான் வெளியே தெரிந்தது. பிறகு என் கணவர், "சுருக்கமாச் சொல்லுறன்" என்று எழும்பினார். பழகிய சனம் அப்போதே குளிர்கோட்டுகளைத் தேடத் தொடங்கிவிட்டது.

கவிஞரின் வாழ்க்கை வரலாறாம்! முதலில் ஜப்பான் தீவுகள் தோன்றின. பிறகு நம் பண்டைப் புலவர்கள் வந்தார்கள். அரை மணித்தியாலம் போயும் அம்மா இன்னும் பள்ளிக்கூடத்தில் சேரவில்லை. பக்கத்திலிருந்து பேச்சை ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்த என்னிடம், "நான் எப்போது தபால் கந்தோருக்குப் போவேன்?" என்று மெதுவாகக் கேட்டார்.

"சந்தேகம்தான்" என்றேன்.

அவர் மடியிலிருந்த கவிதைத் தாளை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார். நான் கணவருக்குக் கண்ணைக் காட்டினேன், இருமினேன். ம்ஹூம்! பஸ் என்றும் பிள்ளை என்றும் சொல்லிச் சனம் நழுவிக்கொண்டிருந்தது.

எட்டுக்கு மண்டபக் காவலாளி வந்து பின்வரிசை விளக்குகளை அணைத்தார்.

"ஐயோ, அந்த மனுசி இன்னும் வாசிக்கேல்லையப்பா!" என்று கத்தியே விட்டேன். அப்போதுதான் கணவர் தலைநிமிர்ந்து மண்டபத்தைப் பார்த்தார். மிஞ்சியது நாங்கள் ஐந்தாறு பேர்.

அம்மா எழுந்தார். தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்துவிட்டு, புதிதாய் ஒன்றை ஜப்பானிய மொழியிலும் பிறகு ஆங்கிலத்திலும் சொன்னார்:

குளிர்கால மாலை.
என் வாழ்க்கையைக் கேட்டுக்கொண்டிருந்தன
வெற்று நாற்காலிகள்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. கணவர் மைக்கை வைத்துவிட்டு இறங்கி வந்து, முன்வரிசை நாற்காலி ஒன்றில் உட்கார்ந்தார். அவர் கேட்பவராக உட்கார்ந்து நான் கண்டதேயில்லை.

"இன்னொருக்கால் சொல்லுவீங்களோ?" என்றார். ஆங்கிலம்கூட மறந்துபோய்த் தமிழில்தான் கேட்டார்.

நான் மொழிபெயர்க்க வாயெடுக்க முன்னமே அம்மா சொல்லத் தொடங்கிவிட்டார்.