நனைந்தால் இறுகும் முடிச்சு

என்ன வேலை என்று யாராவது கேட்டால், "சட்டை துவைக்கிறேன்" என்பாள் என் அத்தை. கேட்டவர்கள் சலவைக் கடை என்று நினைத்துக்கொள்வார்கள். அவள் திருத்த மாட்டாள். துறைமுகத்தின் ஓரத்தில் உல்லாசப் படகு ஒன்று ஓடியது. அதில் ஏறுகிறவர்களுக்குக் கொடுக்கும் ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட்டுகளைத்தான் அவள் சட்டை என்று சொல்வாள். அவற்றைக் கழுவி, காய வைத்து, ஏறும்போது மாட்டிவிட்டு, இறங்கும்போது வாங்கி வைப்பது அவள் வேலை. பெரியவர்களுக்குக் கழுத்தில் வியர்வை, குழந்தைகளுக்கு மார்பில் ஐஸ்கிரீம் என்று எந்தக் கறை எங்கே இருக்கும் என்பதைப் பார்க்காமலே சொல்வாள்.

கல்லூரிக்காக மூன்று வருடம் நான் அத்தை வீட்டில் தங்கியிருந்தேன். ஐஸ் தொழிற்சாலைக்குப் பின்னால், ஒரு அறையும் சமையல்கட்டும் உள்ள வீடு. மாமா மீன்பிடி விசைப்படகில் இன்ஜின் பார்ப்பவர். வீட்டுக்கு வந்தால் டீசல் வாசனை அவருக்கு முன்னால் உள்ளே வரும்.

கடலுக்குள் நீளும் கல்தடுப்பின் முனையில் ஒரு சாவடி உண்டு. அங்கே இருக்கும் காவலர், எல்லோரும் ஜாக்கெட் போட்டிருக்கிறார்களா என்று எட்டிப் பார்ப்பார். படகு சாவடியைத் தாண்டியதும் பயணிகள் கழற்ற ஆரம்பிப்பார்கள். புழுக்கம், நாற்றம், போட்டோவில் குண்டாகத் தெரிகிறது என்று ஆளுக்கொரு காரணம். கழற்றினால் முதலாளிக்கும் நல்லதுதான், உப்புத் தண்ணீர் பட்டுத் துணி வீணாகாது. அதனால் அத்தை எல்லாவற்றையும் வாங்கி, கைத்துவாரங்கள் வழியாகக் கயிறு கோத்து, இரண்டு பெரிய கட்டாகக் கட்டி, இருக்கைக்கு அடியில் தள்ளிவிடுவாள். திரும்பி வரும்போது, சாவடிக்குச் சற்று முன்னால், அவிழ்த்து மறுபடி மாட்டிவிடுவாள். ஜாக்கெட் எந்த இடத்தில் தேவைப்படுமோ அந்த இடத்தில் மட்டும் அது யார் உடம்பிலும் இருக்காது. இது எல்லோருக்கும் தெரியும். யாருக்கும் உறுத்தவில்லை, எனக்கும்தான்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவள் சாதாரண முடிச்சுதான் போட்டாள். ஒரு நாள் காற்றில் கட்டு பிரிந்து ஜாக்கெட்டுகள் கடலில் விழுந்துவிட்டன. முதலாளி பயணிகள் முன்னாலேயே அவளைத் திட்டித் தீர்த்தார். அன்று வீட்டுக்கு வந்து சோற்றைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாளாம்.  மாமா தன் படகிலிருந்து ஒரு பச்சை நைலான் கயிற்றைக் கொண்டுவந்து, அடுப்பு மேடையின் காலில் கட்டிக் காட்டினார். இளவயதில் சரக்குக் கப்பலில் இருந்தபோது அவர் கற்றுக்கொண்ட முடிச்சு. அவருடைய மீன்பிடிப் படகில் இருந்தவர்களுக்கே அது தெரியாது. இழுத்தால் இறுகும், தண்ணீர் பட்டால் இன்னும் இறுகும். அவிழ்ப்பதற்கு ஒரே வழிதான்.

"இழுக்கக் கூடாது. மொதல்ல ரெண்டு பக்கமும் உள்ள தள்ளணும். அப்புறம்தான் இழுக்கணும்" என்று, விரல்களை மடக்கி, இரண்டு கை முட்டிகளையும் சேர்த்துப் பிறகு விலக்கிக் காட்டினாராம்.

அதன் பிறகு அந்தச் சைகை வீட்டில் எல்லாவற்றுக்கும் பொதுவானது. டப்பா மூடி திறக்காவிட்டால், கதவுத் தாழ்ப்பாள் சிக்கிக்கொண்டால், நான் படிக்க முடியாமல் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தால், மாமா முட்டிகளைச் சேர்த்து விலக்குவார். அத்தை கோபித்துக்கொண்டு பேசாமல் இருந்தால் அவள் மூக்குக்கு நேரே செய்வார். "போதும், தள்ளிப் போங்க" என்பாள். பேசிவிட்டாள் என்று அவர் சிரிப்பார்.

படகுத்துறையில் அந்த முடிச்சு அவளுக்கு ஒரு மரியாதையைக் கொடுத்தது. அவள் கட்டினால் எந்தக் காற்றிலும் கட்டு பிரியாது. அவளைத் தவிர வேறு யாராலும் அவிழ்க்கவும் முடியாது. படகு ஓட்டுபவரை எல்லோரும் கேலியாகக் கேப்டன் என்பார்கள். அவருக்கும் அது பிடிக்கும். அவர் எத்தனையோ முறை கற்றுத்தரச் சொல்லிக் கேட்டிருக்கிறார்.

"அக்கா, நீங்க லீவு போட்டா நாங்க பல்லாலதான் கடிக்கணும்."

"கடிங்க. அந்த நேரமாவது வாய் சும்மா இருக்கும்" என்பாள் அத்தை.

ஒரு நாள் நானே அவளிடம் கேட்டேன், சொல்லிக்கொடுத்தால் என்ன என்று. துணி மடித்துக்கொண்டே சொன்னாள்: "டிக்கெட் கிழிக்க ஆள் இருக்கு, ஓட்ட ஆள் இருக்கு. கழுவுறதுக்கு யாரை வேணா வெச்சுக்கலாம். எனக்குன்னு இருக்கறது அது ஒண்ணுதான்." அவள் சொன்னது நியாயமாகத்தான் பட்டது.

அந்த நாள் காலையில் ஒரே ஒரு பயணம் போய்வந்தார்கள். அதற்குள் காற்று எழும்பிவிட்டதால் மீதிப் பயணங்களை நிறுத்திவிட்டார்கள். அத்தை ஜாக்கெட்டுகளை வழக்கம்போல இரண்டு கட்டாகக் கட்டி இருக்கைக்கு அடியில் தள்ளிவிட்டு வீட்டுக்கு வந்தாள். வரும்போதே காய்கறியும் வாங்கி வந்தாள். காற்று அடிக்கிற நாளில் மாமா சீக்கிரம் வந்துவிடுவார்.

மதியச் சாப்பாட்டுக்குச் சற்று முன்னால் ஐஸ் தொழிற்சாலையின் சங்கு விடாமல் ஊதியது. அது வேலை நேரச் சங்கு இல்லை. அத்தை அடுப்பை அணைத்தாள். மூடியைத் தேடி எடுத்துப் பாத்திரத்தை மூடினாள். அதன் பிறகுதான் ஓடினாள்.

கல்தடுப்புக்கு வெளியே, கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில்தான் அது நடந்தது. மாமாவின் படகு கரைக்குத் திரும்பும் வழியில் முன்பக்கத்துப் பலகை ஒன்று பெயர்ந்து, தண்ணீர் உள்ளே புகுந்துவிட்டது. நாங்கள் போய் நின்றபோது படகு இல்லை. நுரை மட்டும் இருந்தது. பக்கத்தில் இருந்த ஒரே படகு என்று கேப்டனும் டிக்கெட் கிழிப்பவரும் உல்லாசப் படகை எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். குஞ்சம் தொங்கும் மேற்கூரையும் பக்கத்தில் வரைந்த சிரிக்கும் மீனுமாக, அலையில் அது பொம்மை போல ஏறி இறங்கியது. அத்தை ஒரு கல்லின் மேல் ஏறி நின்றாள். "நல்லவேளை. நம்ம படகுதான் போயிருக்கு" என்றாள்.

படகு திரும்பி வந்தபோது அதில் மீனவர்கள் ஐந்து பேர் இருந்தார்கள். மாமாவின் படகில் போனது ஆறு பேர். அத்தை ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பிறகு யாராவது படுத்திருக்கிறார்களா என்று படகின் தரையைப் பார்த்தாள். அங்கே ஆரஞ்சு நிறக் கட்டுகள் இரண்டும், நீர் சொட்டச் சொட்ட, கட்டியது கட்டியபடி கிடந்தன. அவள் அவற்றைப் பார்த்ததை நான் பார்த்தேன். மீன்பிடிப் படகின் தலைவர் எழுந்து அவளிடம் வந்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அன்று மாலைவரை தேடினார்கள். அடுத்தடுத்த நாட்களிலும் தேடினார்கள். மாமா கிடைக்கவில்லை.

ஐந்து பேரைக் காப்பாற்றியதற்காகக் கேப்டனுக்கு மாலை போட்டார்கள். செய்தித்தாளில் படம் வந்தது. நடுவில் முதலாளி, புத்தம் புதிய ஜாக்கெட் போட்டுக்கொண்டு நின்றார். ஓரத்தில் கேப்டன் கையால் வாயை மறைத்துக்கொண்டிருந்தார். அத்தை அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தாள்.

"அவன் பல்லுக்கு என்ன ஆச்சு?"

கம்பியில் இடித்துக்கொண்டாராம் என்று கேள்விப்பட்டதைச் சொன்னேன்.  தாளை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அவள் எதையும் கட்டுவதில்லை. பாலித்தீன் பையைத் திறந்தபடியே வைப்பாள், எறும்பு வரும். கூந்தலை முடியாமல் ரப்பர் பேண்டு போட்டுக்கொள்வாள். படகுத்துறையில் புதுச் சட்டம் வந்தது. இனி யாரும் ஜாக்கெட்டைக் கழற்றக் கூடாது, கட்டி வைக்கவும் கூடாது. அவள் கையில் துடைப்பத்தைக் கொடுத்தார்கள். அதையும் வாங்கிக்கொண்டாள். பெருக்கிவிட்டு, ஆள் இல்லாத நேரத்தில் கடலைப் பார்த்தபடி நிற்பாள் என்று சொன்னார்கள். வீட்டில் என்னோடு பேசுவாள், சமைப்பாள். ஆனால் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் முடிக்க மாட்டாள். விளக்கைப் போட எழுந்தவள் பாதி வழியில் நின்றுவிடுவாள். நான் போய்ப் போடுவேன்.

ஒரு விடுமுறை நாளில் கேப்டன் வீட்டுக்கு வந்தார். தோளில் அந்தக் கட்டுகளில் ஒன்று. உப்பு பூத்து, வெயிலில் காய்ந்து, முடிச்சு கல்லாகியிருந்தது. ஆபீஸ் மூலையில் கிடந்ததாம், முதலாளி கத்தியால் அறுத்து எறியச் சொன்னாராம். "எனக்கு மனசு வரலக்கா" என்று வாசலுக்குள் இறக்கி வைத்தார்.

அத்தை அவருக்கு உட்கார நாற்காலி போட்டாள். அவர் தரையில் உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தேன். குடிக்கும்போது உடைந்த முன்பல் தெரிந்தது.

"கம்பியில இடிச்சதா?" என்றாள்.

அவர் தலையை அசைத்தார், இல்லை என்று. அதற்குப் பிறகு அவரே சொன்னார். மூழ்கிய படகின் வலை தண்ணீரில் விரிந்து கிடந்தது. ஐந்து பேர் வலைக்கு இந்தப் பக்கம், மாமா மட்டும் அந்தப் பக்கம். இன்ஜினைப் போட்டால் வலை அடியில் சுழலும் விசிறியில் சுற்றிக்கொள்ளும், படகின் ஏணியில் தொங்குகிறவர்களின் காலும் போய்விடும். ஜாக்கெட் கட்டு ஒன்றை அப்படியே ஐந்து பேருக்கு எறிந்தார்கள். அதைப் பிடித்துக்கொண்டு அவர்கள் பிழைத்தார்கள். மாமா இருந்த தூரத்துக்கு அவ்வளவு பெரிய கட்டு ஒன்றை எறிய முடியாது. ஒரே ஒரு ஜாக்கெட் உருவ முடிந்திருந்தால் கேப்டன் அதைப் போட்டுக்கொண்டு குதித்திருப்பார். அது இல்லாமல் அந்த அலையில் இறங்க அவருக்குத் தைரியம் வரவில்லை. மழைத் தூறலில் கயிறு நனைந்துவிட்டது. பயணிகள் ஏறும் படகில் கத்தி கிடையாது. அவரும் டிக்கெட் கிழிப்பவரும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். இழுக்க இழுக்க அது இறுகியது. கடைசியில் பல்லால் கடித்தார்.

"அவரு எங்களையேதான் பாத்துட்டு இருந்தாரு. கத்துனாரு, காத்துல கேக்கல. அப்புறம் ரெண்டு கையையும் மேல தூக்குனாரு. கும்பிடுறாருன்னு நெனச்சேன். என்னை விட்டுட்டு அவங்களைக் கூட்டிட்டுப் போங்கன்னு சொல்றாருன்னு நெனச்சேன். ரெண்டு மூணு தடவை தூக்குனாருக்கா. அப்புறம் காணோம்."

அத்தை எழுந்து போய்க் கட்டைத் தன் பக்கம் இழுத்தாள். முடிச்சு மடியில் வரும்படி வைத்துக்கொண்டாள். விரல்களால் அதை ஒரு முறை தடவினாள். பிறகு இரண்டு முட்டிகளையும் சேர்த்து உள்ளே தள்ளி, விலக்கினாள். உப்பு உதிர்ந்தது. கயிறு ஒரு சத்தமும் இல்லாமல் விட்டுக்கொடுத்தது. ஜாக்கெட்டுகள் ஒவ்வொன்றாகத் தரையில் சரிந்தன.

கேப்டன் அவள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகம் மாறியது.

"அக்கா, இன்னொரு தடவை பண்ணுங்க."

அவிழ்க்க ஒன்றும் மிச்சமில்லை. அவள் வெறும் காற்றில் முட்டிகளைச் சேர்த்து, விலக்கினாள்.

"இதான். இதைத்தான் காட்டினாரு" என்றார் அவர். 

இரண்டு கைகளையும் தண்ணீருக்கு வெளியே தூக்கினால் ஒரு மனிதன் அலையில் மிதக்க முடியாது. அது அங்கே இருந்த மூன்று பேருக்கும் தெரியும். 

"எத்தனை தடவை கேட்டே நீ" என்று மட்டும் சொன்னாள் அத்தை.

கேப்டன் போன பிறகு ஜாக்கெட்டுகளை எடுத்துப்போய்க் குழாயடியில் உப்புப் போகக் கழுவினேன். உலர்த்திவிட்டு வந்தபோது அவள் இருந்த இடத்திலேயே இருந்தாள். ஜாக்கெட்டுகளிலிருந்து உருவிய, மாமா கொண்டுவந்த பச்சைக் கயிறு கையில் இருந்தது. அதைச் சுருட்டி முடித்திருந்தாள். எங்கே வைப்பது என்று அறையைச் சுற்றிலும் பார்த்தாள். அலமாரியில் இடம் இருந்தது, ஆணியிலும் இடம் இருந்தது. வாங்கி வைக்கலாம் என்று நான் கையை நீட்டினேன். அவள் கொடுக்கவில்லை.

நான் படிப்பு முடிந்து கிளம்பிய நாளிலும் அது அவள் மடியில்தான் இருந்தது.