சைரஸும் சின்னராசா ஐயாவின் ஆறு பரப்பும்

மனித உரிமை வகுப்பெடுக்கிற தொழிலில முதல் ஒரு மணித்தியாலம் ஆருக்கும் ஆபத்தில்லை. அதிலை வாற அரசர்மார் எல்லாரும் செத்து இரண்டாயிரம் வருசத்துக்கு மேல. அதுக்குப் பிறகுதான் கண்டம். ஊரூராய்ப் படம் காட்டிக்கொண்டு திரியிற சக வளவாளர்மாரே, உங்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. "கேள்வி இருந்தால் கேளுங்கோ" எண்டு வாய் சொல்லும். ஒருத்தரும் கேட்டிடக்கூடாது எண்டு கை சாமானை அடுக்கத் தொடங்கியிடும்.

சனசமூக நிலையத்தில சைரஸ்

உடுப்பிட்டிப் பக்கம் ஒரு சனசமூக நிலையம். வந்திருந்ததில முக்கால்வாசிப் பேர் வலிகாமம் வடக்கில இருந்து இடம்பெயர்ந்து, முப்பது வருசத்துக்கு மேலாய்த் திரும்பிப் போகேலாமல் இருக்கிற, தோட்டஞ்செய்து வாழ்ந்த கமக்காரச் சனம். நான் வழக்கம்போலப் பாரசீக அரசன் சைரஸில தொடங்கினன். பாபிலோனைப் பிடிச்ச கையோடை, வேறை இடங்களில இருந்து பிடிச்சுக்கொண்டுவந்து வைச்சிருந்த சனத்தை ஊருக்குப் போங்கோ எண்டு விட்டவர், அதைக் களிமண் உருளையில எழுதியும் வைச்சவர் எண்டன். அதை முதலாவது மனித உரிமைச் சாசனம் எண்டு சொல்லுறவையும் இருக்கினம், சும்மா தன்ரை புகழுக்கு எழுதினது எண்டு சொல்லுற அறிஞர்மாரும் இருக்கினம் எண்டு இரண்டு பக்கமும் சொல்லி முடிச்சன்.

முன்வரிசையில சின்னராசா ஐயா எழும்பினார். எழுபதுக்குக் கிட்ட வயசு. அவற்றை ஆறு பரப்புச் செம்மண் காணி ஆமிக்காரர் அடைச்ச முட்கம்பிக்கு உள்ளை கிடக்குது. வாற வியாழக்கிழமை அதை அளக்க வருவினம் எண்டு அறிவித்தல் வந்திருக்கு. அளந்து முடிஞ்சால் அரசாங்கம் சட்டப்படி எடுத்துப்போடும், பிறகு அவர் ஆரிட்டைப் போய்க் கேக்கிறது? இது மண்டபம் முழுக்கத் தெரியும். எனக்கு அவர் சொல்லத்தான் தெரியும். சொல்லிப்போட்டுக் கேள்வியைக் கேட்டார்.

"அந்த அரசன் போங்கோ எண்டு விட்டவன், சரி பிள்ளை. அதுகள் ஊருக்குப் போய்ச் சேரேக்கை, அதுகளின்ரை வீடுகளில ஆர் இருந்தவை?"

வரவுப் பட்டியல்

எங்கடை தொழிலில வகுப்பு நடந்ததுக்கு அத்தாட்சி வரவுப் பட்டியல்தான். கையெழுத்து இல்லாட்டில் நீங்கள் தொண்டை கிழியக் கத்தியிருந்தாலும் வகுப்பு நடக்கேல்லை. அண்டைக்குத் தாள் சின்னராசா ஐயாவிட்டைப் போச்சுது. அவர் தொடேல்லை. பக்கத்தில இருந்த மனிசி அவரை ஒருக்கால் பாத்திட்டுத் தான் வைச்ச கையெழுத்தைக் கீறி வெட்டினா. பின்வரிசையும் தாளை வாங்கி வாங்கி வெட்டத் தொடங்கிச்சுது.

எனக்கு வந்துதே ஒரு கோவம்! "நான் என்ன உங்கடை காணியைத் திண்டுபோடுவனோ?" எண்டு கேட்டும் போட்டன். கேட்டாப்பிறகு நாக்கைக் கடிச்சு என்ன பிரயோசனம்? அவர் கோவிக்கேல்லை. அவற்றை மைத்துனர் முந்தி ஒரு கூட்டத்துக்குப் போய் இப்பிடித்தான் வரவுக்குக் கையெழுத்து வைச்சவராம். பேந்து அதே தாள், காணி குடுக்கச் சம்மதிச்ச ஆக்கள் எண்டு வேறை தலைப்போடை வெளியிலை வந்ததாம்.

"உங்களிலை பிழையில்லைப் பிள்ளை. அந்தக் கூட்டத்திலையும் நல்ல வடைதான் தந்தவை."

உத்தியோகத்தர் வகுப்பு

திங்கட்கிழமை அரச உத்தியோகத்தருக்கு வகுப்பு. அவைக்கு நான் எப்பவும் சொல்லுறது அசோகரைத்தான். கலிங்கத்தில தன்ரை அதிகாரிமாருக்கு அவர் கல்லில வெட்டி வைச்சது: காரணமில்லாமல் ஆரையும் சிறையில போடாதையுங்கோ, கோவத்திலையும் அவசரத்திலையும் வேலை செய்யாதையுங்கோ. எல்லாரும் வடிவாய்த் தலையாட்டிச்சினம்.

தேத்தண்ணி நேரம் முப்பத்தைஞ்சு வயசு மதிக்கக்கூடிய ஒருத்தர் தனிய வந்தார். பேர் ரமணன், நில அளவையாளர். வியாழக்கிழமை வேலை தன்ரை தலையிலைதான் விழுந்திருக்கு எண்டார். நான் கோப்பையைக் கீழை வைச்சன். காணிக்காரர் மறுத்தால் என்ன செய்வீங்கள் எண்டன். எழுத்திலை தந்தால் திரும்பிப் போகலாம், வாய்ச்சொல் அறிக்கையில ஏறாது எண்டார். ஆனால் ஆர் மறிச்சாலும் அளந்துகொண்டு வா எண்டும் மேலை இருந்து சொல்லியிருக்கினமாம். அந்தக் கட்டளை எழுத்திலை இருக்கோ எண்டு கேட்டன். சுத்திவரப் பாத்திட்டுத்தான் வாய் திறந்தார்.

"அசோகர் கல்லில வெட்டிப்போட்டார் மிஸ். எங்களுக்கு ரெலிபோனிலதான் சொல்லுவினம்."

வியாழக்கிழமை காலமை

அங்கை போறது என்ரை வேலை இல்லை. போனன். கம்பிவேலிக்கு முன்னாலை ரமணன்ரை ஆக்கள் அளவைக் கருவியை நிறுத்திக்கொண்டிருந்தவை. பொலிஸ் ஜீப் ஒண்டு நிண்டுது. சனம் ஒரு நாப்பது பேர். பத்து மணிக்குள்ளை காணிக்காரர் எழுத்திலை மறுக்காட்டில் அளக்கத் தொடங்குவம் எண்டு ரமணன் அறிவிச்சார். சின்னராசா ஐயா கையைப் பின்னாலை கட்டிக்கொண்டு நிண்டார். நான் தாளும் பேனையும் கொண்டுபோய் நீட்டினன்.

"உந்தக் கடதாசி பேந்து எங்கை போகும் பிள்ளை?"

பொய் சொல்லியிருக்கலாம். பத்து மணிக்கு அஞ்சு நிமிசம்தான் கிடந்தது. "தெரியாது ஐயா. எழுதாட்டில் அளந்துபோடுவினம், அது மட்டும் தெரியும்" எண்டன். 

அவர் பேனையை வாங்கினார். சைக்கிள் சீற்றில தாளை வைச்சு, "இது எனது காணி. அளக்க எனக்குச் சம்மதமில்லை" எண்டு தானே எழுதினார். எழுத்தோடை ஒட்டிக் கையெழுத்து வைச்சார். பிறகு கீழை மிஞ்சின வெள்ளை முழுக்கக் குறுக்காலை கோடு கீறினார், ஒருத்தரும் ஒரு எழுத்தும் சேர்க்கேலாதமாதிரி. அதேமாதிரி இன்னொரு பிரதியும் எழுதி, பெற்றுக்கொண்டதுக்கு இதிலை கையெழுத்து வையுங்கோ எண்டு ரமணனிட்டை நீட்டினார்.

ரமணன்ரை முகம் வெளிறிப்போச்சுது. ஜீப்பைப் பாத்தார். "ஐயா, நான் வைச்சால் நாளைக்கு என்னையெல்லே கேப்பினம்" எண்டார். பேனையைத் திறந்திட்டுத் திரும்ப மூடினார். அண்டைக்கு வகுப்பில சின்னராசா ஐயா என்ரை வரவுப் பட்டியலைப் பாத்த அதே பார்வை. எனக்கு அழுகை வந்திட்டுது. சின்னராசா ஐயா கிட்டப் போய் அவற்றை தோளில கையை வைச்சார்.

"பயப்பிடாதையுங்கோ தம்பி. கீழை இடம் விடாமல் வையுங்கோ."

ரமணன் வைச்சார், ஆக்கள் சாமானை மடக்கிக்கொண்டு போச்சினம், ஆறு பரப்பும் இன்னும் கம்பிக்கு உள்ளைதான் கிடக்குது, இன்னொரு நாள் திரும்பியும் அளக்க வருவினம், அதுவரைக்கும் எங்களைப்போல ஆக்களுக்கு வகுப்புக்கு மட்டும் ஒரு குறையும் வராது.