அப்பா காதுக்கு எட்டாத வண்டி

எங்கள் அப்பா மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலர், ரயில்வே கேட்டை அடுத்த எங்கள் வீட்டுக்கு வந்து போனவர்கள். அவரிடம் திட்டும் வாங்கியிருப்பீர்கள். வெறும் புகழுரையாக எழுதினால் நீங்களே நம்பமாட்டீர்கள். மூத்த மகன் என்ற முறையில் உள்ளபடி எழுதுகிறேன்.

அப்பா பிறந்தது வாசுதேவநல்லூருக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். குளத்துத் தண்ணீரை நம்பிய குடும்பம். குளம் பெருகாமலே சில ஆண்டுகள் போகவே, மீசை அரும்பும் வயதில் ரயில்பாதையில் தினக்கூலியாகச் சேர்ந்தார். விருதுநகரிலிருந்து தென்காசிக்குச் செல்லும் பாதை அப்போது மீட்டர் கேஜ். இன்றைய அகலப்பாதையைவிடக் குறுகலான தண்டவாளம், கரி எஞ்சின். சங்கரன்கோவிலில் மிளகாய் வற்றலும் துணிப் பொதியும் ஏறும். அங்கே ஆடித்தபசுத் திருவிழா நாளில் வண்டிக்குள் கால் வைக்க இடமிருக்காது. அந்தக் கூட்டம் பத்திரமாக வந்து சேரவேண்டுமே என்று அப்பா கோயிலுக்குப் போகாமல் பாதையிலேயே நிற்பார். தபசுக் காட்சியை அவர் பார்த்தது ஓய்வு பெற்ற பிறகுதான்.

வேலை நிரந்தரமாவதற்குள் நானும் தங்கையும் பிறந்துவிட்டோம். பிறகு கீமேன் ஆனார். சுத்தியலும் கொடியுமாகத் தினமும் தன் பகுதியை நடந்து பார்த்து, தண்டவாளத்தைக் கட்டையோடு பிடித்திருக்கும் இரும்பு ஆப்புகள் தளர்ந்திருந்தால் அடித்து இறுக்க வேண்டும். வெயிலில் வெந்து வீடு திரும்பினாலும் காது மட்டும் பாதையிலேயே கிடக்கும். சோற்றில் கை வைத்திருப்பார், வண்டி கடக்கும். "கேட்டுக்கு மேக்க ஒரு தண்டவாள ஜாயிண்ட் தட்டுதே" என்பார். கை கழுவிவிட்டுக் கிளம்பிவிடுவார். அம்மா எத்தனையோ நாள் அந்தத் தட்டை மூடி வைத்திருக்கிறார்.

எங்கள் வீட்டில் சுவர்க்கடிகாரம் இருந்தது. அதை யாரும் மதிப்பதில்லை. காலை பாசஞ்சர் போனால்தான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்ப வேண்டும். ஒருநாள் வண்டி வெகுநேரம் தாமதமாகிவிட, நானும் தங்கையும் புத்தகப்பையோடு வாசலிலேயே உட்கார்ந்திருந்து, வாத்தியாரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டோம். அப்பாவிடம் சொன்னால், "வண்டி வராம எப்படிலே நேரமாகும்?" என்று எங்களையே கேட்டார்.

பாதையை அகலமாக்க உத்தரவு வந்தது. பழைய தண்டவாளத்தைப் பெயர்த்தெடுக்கும் வேலைக்கு அப்பாவையும் போட்டார்கள். ஆயுளெல்லாம் அடித்து இறுக்கிய ஆப்புகளை அவரே அடித்துக் கழற்றினார். அவரோடு வேலை பார்த்தவர், நாங்கள் சிவகிரிச் சித்தப்பா என்று அழைப்பவர், அன்று அவரை வீட்டில் கொண்டுவந்து விட்டார். அப்பா சாப்பிடாமல் படுத்துவிட்டார். என்ன செய்கிறது என்று அம்மா கேட்டதற்கு, "ஒண்ணுமில்லட்டி. பல்லைப் பிடுங்குன வாய் மாதிரி கெடக்கு" என்றார்.

புதுப்பாதை வந்தது. தண்டவாளங்களை ஒன்றோடொன்று பற்றவைத்துவிட்டதால் பழைய தடதடப்பு அநேகமாக இல்லை. பின்னர் டீசலுக்குப் பதில் மின்சார எஞ்சின் வந்து அந்த இரைச்சலும் குறைந்தது. அப்பாவுக்கோ வயதாகிக் காது மந்தம். அதை ஒப்புக்கொள்வாரா? "எங் காதுக்கு என்னலே? வண்டிதான் ஊமையாப் போச்சு" என்பார். காதுக்கு மிஷின் வாங்கித் தருகிறேன் என்ற என்னிடம் ஒரு வாரம் பேசவில்லை.

சென்ற ஆண்டு நோயில் விழுந்தார். நினைவு தடுமாறியது. பழைய பாதையே இன்னும் கிடப்பதாக நினைத்துக்கொண்டார். சென்னையிலிருந்த எனக்குத் தங்கை போன் செய்தாள். "அண்ணே, உடனே கெளம்பு. அப்பா உன்னத்தான் கேக்காவ."

நான் காலை வண்டியில் வருவதாக அம்மா சொன்னதிலிருந்து அப்பா ஜன்னல் பக்கம் காதைக் கொடுத்தபடி படுத்திருந்தாராம். அவன் வரட்டும் என்று பாலைக்கூடத் தொடவில்லை. வண்டி வீட்டைக் கடந்தது. "இந்தா, வண்டி போயிட்டு. பிள்ள வந்துருவான்" என்று அம்மா சொல்லியிருக்கிறார். அவர் நம்பவில்லை. "போகல. போனா எனக்குக் கேக்காதா?"

நான் போய் நின்றதும் அடையாளம் கண்டுகொண்டு மணிக்கட்டைப் பிடித்தார். "வண்டி இன்னும் வரலயே மக்கா, எதுல வந்தே?"

அம்மா என் முகத்தைப் பார்த்தார். வண்டியில்தான் என்றால், உங்கள் காது போய்விட்டது என்று சொல்வதாகும். அந்த நேரத்தில் அதை நான் சொல்வதா?

"பஸ்ஸுல வந்தேம்ப்பா."

"அதானே பார்த்தேன்." முகம் தெளிந்தது. அம்மா புகட்டிய பாலை இரண்டு வாய் குடித்தார். "அப்ப வண்டி லேட்டு" என்று சொல்லி, மறுபடியும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். என் கையை விடவில்லை. நண்பகலுக்குள் அப்படியே அடங்கிவிட்டார். எந்த வண்டியில் நான் வந்தேனோ அதற்காகவே அவர் கடைசிவரை காத்திருந்தார். ஓராண்டாகியும் இதை என்னால் தாங்க முடியவில்லை.

அப்பாவைக் கைக்குழந்தை போலப் பார்த்துக்கொண்ட தங்கைக்கும் மாப்பிள்ளைக்கும், வீட்டுக்கே வந்து வைத்தியம் பார்த்த மருத்துவருக்கும், துக்கம் முடியும்வரை எங்களுக்குச் சமைத்துக் கொடுத்த தெருக்காரர்களுக்கும், தோள் கொடுத்த பழைய ரயில்வே நண்பர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இன்னும் ஒருவர் இருக்கிறார். மறுநாள் மாலை சுடுகாட்டுக்குப் போகும் வழியில் கேட் அடைத்திருந்தது. "கீழ வைக்காதிய, தோள் மாத்திக்கிடுங்க" என்று யாரோ சொல்ல, பாடையைச் சுமந்தபடியே நின்றோம். வளைவில் வண்டி வந்தது. கூட்டத்தைப் பார்த்தாரோ என்னவோ, எங்களைக் கடந்து முடியும்வரை ஓட்டுநர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. தலைமாட்டில் தோள் கொடுத்திருந்த சிவகிரிச் சித்தப்பா, அப்பாவின் காதருகே தலையைத் திருப்பி, தொண்டை கிழியக் கத்தினார்.

"அண்ணாச்சி, வண்டி வந்துட்டு!"

பெயர் தெரியாத அந்த ஓட்டுநருக்கும் எங்கள் நன்றி.